மருந்துலக மேதை டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

பென்சிலின் என்றதும் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்று நம் எட்டாம் வகுப்பு மாணவியும் சொல்லிவிடுவாள். வெறிநாய்க்கடிக்கு ஊசி என்றால் லூயி பாஸ்டர். ஆனால் உண்ணிக் காய்ச்சலுக்கு இன்று கொடுக்கப்படும் டாக்சிசைக்ளின் எந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது, அக்குடும்பத்தின் மூத்த பிள்ளை யாருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்குவர். யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட மாத்திரையும், பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் கலந்திருக்கும் ஃபோலிக் அமிலமும் அதே மனிதரின் மேற்பார்வையில் மருந்து வடிவம் பெற்றவையே. அவர் கோதாவரிக் கரையில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் உழைத்து மறைந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலரில் நம் மாணவியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வேங்கம்மா. குழந்தைகள் பலர், வருமானம் சொற்பம். சிறுவன் சுப்பாராவுக்கோ படிப்பில் நாட்டமில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று எண்ணி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான்! வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தவர் தாய் வேங்கம்மா. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் சுப்பாராவ் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். இடையில் தந்தை காலமானார். கணவரை இழந்த அந்த அம்மையார் பிடிவாதமாக நின்றிராவிட்டால், நாம் இன்று எழுத ஒன்றும் இருந்திராது. விஞ்ஞானிகளின் வரலாற்றில் இத்தகைய தாய்மாருக்கு இரண்டு வரிதான் கிடைக்கிறது. அது போதாது என்பதே நம் எண்ணம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தபோது சுப்பாராவின் மனம் துறவு வாழ்வை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயின் சம்மதம் வேண்டும் என்றனர் மடத்தார், தாய் சம்மதிக்கவில்லை. பிணியாளருக்குத் தொண்டு செய்வதானால் மருத்துவம் படிக்கலாமே என்ற யோசனை அப்போதுதான் பிறந்தது. அழைப்பு ஒன்றை உள்ளத்தில் உணர்ந்து, அது வேறு வழியாகத் திரும்பிவிடும்போது உண்டாகும் தவிப்பை நம் அருட்சகோதரிகள் நன்கு அறிவர். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்ற பெரியவரும் பண உதவி செய்தனர். அப்பெரியவரின் மகள் சேஷகிரியை 1919இல் சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சுப்பாராவ் கதரால் தைத்த மேலங்கியை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். என்ற சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியும் கைகூடவில்லை. இறுதியில் டாக்டர் ஆசந்த லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார்.

இக்காலத்தில்தான் அவருடைய வாழ்வைத் திருப்பிய துயரம் நேர்ந்தது. ஸ்ப்ரூ என்பது வெப்ப நாடுகளில் காணப்படும் கொடிய வயிற்றுப்போக்கு நோய். சிறுகுடலின் உட்சுவர் தேய்ந்துபோகும். உண்ட உணவு உடலில் ஒட்டாது. நாக்கு புண்ணாகி, இரத்தம் குன்றி, நோயாளி நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாவார். இந்நோய் சுப்பாராவின் சகோதரர் இருவரைச் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. பிறகு அவரையும் பற்றியது. அவர் படித்த மேல்நாட்டு மருத்துவத்தில் அதற்கு மருந்தில்லை. லட்சுமிபதியின் ஆயுர்வேதச் சிகிச்சையால் அவர் பிழைத்தார். தாம் பிழைத்ததற்கும் தம்பி தமையன் மாண்டதற்கும் காரணம் என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. வெப்ப நாட்டு நோய்களை ஆராய்வதற்கென அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தனிப் பள்ளி இருப்பதை அறிந்து விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. மாமனாரும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் கைகொடுக்க, மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு அவர் கப்பலேறினார். 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார்.

அந்நிய நாட்டில் அவர் பெற்றிருந்த சான்றிதழை வைத்து மருத்துவம் பார்க்க முடியாது. எனவே ஒரு மருத்துவமனையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசட்டிகளையும் சிறுநீர்க் குடுவைகளையும் கழுவி வைக்கும் வேலை. இரவெல்லாம் அதைச் செய்துவிட்டுப் பகலில் வகுப்பு. செவிலியர் பயிற்சிக்குப் போக விரும்பும் நம் மாணவியர் சிலர், அந்த வேலையை நினைத்து முகம் சுளிப்பதுண்டு. ஹார்வர்டில் படித்த ஒரு டாக்டர் அதைச் செய்தே தம் சாப்பாட்டுக்குச் சம்பாதித்தார்.

வெப்ப நாட்டு மருத்துவத்தில் பட்டயம் பெற்றபின், உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் அது இன்றும் உண்டு. அம்முறையைக் கொண்டே தசைக்குள் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளை 1927இல் கண்டனர். 1929இல் ஏ.டி.பி. என்று நாம் பாடத்தில் படிக்கும் பொருளையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியாக அதைக் கண்டறிந்தார். நாம் கையைத் தூக்குவதும் கண்ணை இமைப்பதும் இந்த ஏ.டி.பி. தரும் சக்தியால்தான். 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை.

1940இல், நியூயார்க்குக்கு அருகே பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். அதன் பிறகு அவருக்குக் கிடைத்தவை எட்டே ஆண்டுகள். அவ்வளவு குறுகிய காலத்தில் ஒரே கூரையின்கீழ் இத்தனை மருந்துகள் உருவானது மருத்துவ வரலாற்றில் அபூர்வம்.

முதலில் ஃபோலிக் அமிலம். இதன் கதை நம் நாட்டில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்றபோது கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி மடிவதைக் கண்டார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான மார்மைட் என்ற பண்டத்தைக் கொடுத்தால் அவர்கள் தேறுகிறார்கள் என்று 1931இல் எழுதினார். அதற்குள் இருந்த சத்து எது என்பது அப்போது தெரியவில்லை. எரியோட்டையும் வேடசந்தூரையும் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்குப் போய்வரும் நம் தாய்மாருக்கு, நூறாண்டுக்கு முந்திய அந்தப் பம்பாய்ப் பெண்கள் அந்நியரல்லர். கீரை இலைகளிலும் ஈரலிலும் அதே சத்து இருப்பது பின்னர் தெரிந்தது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 1941இல் ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது. டன் கணக்கில் ஈரலை அரைத்தாலும் துளிதான் கிடைக்கும். அதை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகச் செய்துகாட்டியது சுப்பாராவின் குழு, 1945இல். உடலில் புதிய உயிரணுக்கள் பிறக்க இச்சத்து வேண்டும். சிவப்பணுக்களுக்கு வேண்டும், நாள்தோறும் தேய்ந்து புதுப்பிக்கப்படும் குடல் சுவருக்கும் வேண்டும். ஆகவே ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கரீபியன் தீவுகளில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து உணவு கேட்டனர். தம் சகோதரர்களைப் பறிகொடுத்து கால் நூற்றாண்டு கழிந்தபின், அந்த நோய்க்கு எதிரான பாதி மருந்து சுப்பாராவின் கைக்கு வந்துவிட்டது.

பாதி என்று சொல்லக் காரணம் உண்டு. மீதி மண்ணில் இருந்தது.

சுப்பாராவ் லெடர்லிக்கு ஒரு முதியவரை அழைத்து வந்தார். பெயர் பெஞ்சமின் டக்கர். தாவரவியலிலும் பூஞ்சை இயலிலும் வல்லவர். வயதாகிவிட்டது என்று பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பியவர்! பல ஊர்களிலிருந்து பிடி மண் வரவழைத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்து, எது நோய்க்கிருமிகளைக் கொல்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் சோதனை வயலிலிருந்து வந்த மண்ணில், பொன்னிறமாகப் படரும் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த பொருளுக்கு, பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைச் சேர்த்து ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து இதுதான். பென்சிலினுக்கு மசியாத பல கிருமிகளை இது அடக்கியது. முக்கியமாக, உயிரணுவுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும் டைஃபஸ் வகைக் கிருமிகளை அடக்கியது. மேற்கூறிய உண்ணிக் காய்ச்சல் அவ்வகையைச் சேர்ந்ததே. 1994இல் சூரத் நகரில் பிளேக் என்று நாடே நடுங்கியபோது மக்கள் மருந்துக் கடைகளில் வரிசையில் நின்று வாங்கியதும் டெட்ராசைக்ளின்தான்.

ஸ்ப்ரூ நோய்க்கு இன்று மருத்துவர்கள் தருவது என்ன தெரியுமா? ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்த்து, சில மாதங்களுக்கு. குடலில் வேண்டாத இடத்தில் குடியேறிய கிருமிகளை ஒன்று விரட்ட, தேய்ந்த சுவரை மற்றொன்று கட்டுகிறது. இரண்டும் ஒரே மனிதரின் கூடத்திலிருந்து வந்தவை. ஆரியோமைசினைத் தேடும்போது அவர் ஸ்ப்ரூவை மனத்தில் வைத்திருந்தார் என்று சொல்ல முடியாது. டெட்ராசைக்ளின் அந்நோய்க்கு உதவும் என்பது பிற்காலத்தில் தெரிந்த செய்தி. 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போல் பரவியபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று அதை ஆராய்ந்தனர். அவர்கள் காலத்தில் இவ்விரு மருந்துகளும் கைவசம் இருந்தன. 1920களில் ஒரு தாயின் இரு பிள்ளைகளுக்கு அவை இல்லை.

யானைக்கால் மருந்தான ஹெட்ரசான் 1947இல் வந்தது. போரின்போது பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்களை அந்நோய் தாக்கியதே அம்முயற்சிக்குத் தூண்டுகோல். நூற்றுக்கணக்கான இரசாயனப் பொருள்களைப் பருத்தி எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததில் இது தேறியது. டி.இ.சி. என்ற பெயரில் நம் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொடுத்தது இதையே. காரைக்காலில் 1980களில் இதைச் சமையல் உப்பில் கலந்தே மக்களுக்கு வழங்கினர். கொசுவால் பரவும் அந்நோயின் கிருமி ஊரார் இரத்தத்தில் வெகுவாகக் குறைந்தது. அருகிலுள்ள இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து உயிரணுவை ஏமாற்றும் போலிப் பொருளும் அதே கூடத்தில் செய்யப்பட்டது. புற்று உயிரணு அதைச் சத்து என்று நம்பி எடுத்துக்கொண்டு, பெருக முடியாமல் நிற்கும். பாஸ்டனின் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, அவர்களுள் 10 பேர் தேறியதாக 1948இல் எழுதினார். அத்தேர்ச்சி நிலைக்கவில்லைதான். ஆயினும் அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது.

ஆரியோமைசின் 1948 ஜூலையில் நியூயார்க்கில் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்குள், ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு, உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். வயது 53. நோபல் பரிசு இல்லை. அமெரிக்கக் குடியுரிமையும் இல்லை. பத்திரிகையாளர் கூடும் இடத்துக்கு உதவியாளர்களை முன்னே அனுப்பிவிட்டுத் தாம் பின்னால் நிற்பது அவர் வழக்கம். பல ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரே இராது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1922இல் கப்பலேறியவர் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. அவர் போனபின் பிறந்த மகன், தந்தையின் முகத்தைக் காணாமலே கைக்குழந்தையாக இறந்தான். மனைவி சேஷகிரி ஊரிலேயே காத்திருந்தார். அவர் எழுதாத வரலாறு ஒன்று உண்டல்லவா? இத்தனை மருந்துகள் ஒருபுறம், அந்த அம்மையாரின் இருபத்தாறு ஆண்டுகள் மறுபுறம் என்று தராசில் வைத்துப் பார்க்க நமக்கு உரிமையில்லை. மாமேதை என்று அவரைப் புகழும்போது அந்த வீட்டையும் நினைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

அவருடைய மருந்துக்குப் பின்னால் வந்த தொல்லையையும் மாணவியர் அறிய வேண்டும். ஆரியோமைசின் போன்ற மருந்துகள் கெட்ட கிருமிகளோடு உடலில் நமக்குத் துணையாய் வாழும் கிருமிகளையும் கொன்றுவிடும். காலியான இடத்தில் பூஞ்சைகள் செழித்தன. வாயிலும் குடலிலும் வெள்ளை படர்ந்தது. டெட்ராசைக்ளின் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அப்போது கைகொடுத்தவர்கள் இரு பெண்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரிலும், ரேச்சல் பிரவுன் ஆல்பனியிலும் அரசாங்க ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தனர். மண்ணிலிருந்து வளர்த்த நுண்ணுயிர்களைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பி ஆராய்ந்தனர். வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பால் பண்ணை மண்ணிலிருந்து 1950இல் நிஸ்டாட்டின் கிடைத்தது. மனிதருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய முதல் பூஞ்சைக்கொல்லி மருந்து அது. அதனால் வந்த உரிமைத்தொகையை இருவரும் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டனர். நம் நாட்டிலும் புனே அருகிலுள்ள பிம்ப்ரியில், இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் கூடத்தில் திருமலாச்சாரும் குழுவினரும் 1960களின் தொடக்கத்தில் ஹேமைசின் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கண்டனர்.

பாக்டீரியாவுக்கான மருந்துகள் எத்தனையோ வகை. பூஞ்சைக்கு அப்படியில்லை. பூஞ்சையின் உயிரணு நம்முடைய உயிரணுவைப் பெரிதும் ஒத்தது. அதைக் கொல்லும் பொருள் நம்மையும் வாட்டிவிடும். ஆகவே கையிலுள்ள வகைகள் மிகச் சில. அவற்றையும் பூஞ்சைகள் எதிர்க்கப் பழகிவருகின்றன. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதில் முதன்முதலாகக் கண்டு பெயரிடப்பட்ட கேண்டிடா ஆரிஸ், பல மருந்துகளுக்கு மசியாமல் நம் நாட்டு மருத்துவமனைகளிலும் தலைகாட்டியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அபாயப் பூஞ்சைகளின் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது. 2021இல் கொரோனாவை அடுத்து வந்த கருப்புப் பூஞ்சையை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

டெட்ராசைக்ளினும் தன் பழைய வலிமையில் ஒரு பங்கை இழந்துவிட்டது. ஆரியோமைசின் எடுத்தபின் எஞ்சிய சக்கையைத் தின்ற கோழிக்குஞ்சுகள் சீக்கிரம் கொழுப்பதை லெடர்லியிலேயே சிலர் கண்டனர். 1950 முதற்கொண்டு அது கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலக்கப்பட்டது. தினமும் சிறிதளவு மருந்தைச் சந்தித்த கிருமிகள் அதைத் தாங்கக் கற்றுக்கொண்டன. காய்ச்சல் என்றதும் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் தொடங்குவதும், அவர் சொன்ன நாளுக்கு முன் நிறுத்துவதும் அக்கிருமிகளுக்கு நாமே நடத்தும் பயிற்சி வகுப்பு.

இந்திய அஞ்சல் துறை 1995இல், அவருடைய நூற்றாண்டை ஒட்டித் தபால்தலை வெளியிட்டது. அதற்கு வெகு முன்னரே, 1953இல், ஹெசல்டைன் என்ற பூஞ்சை ஆராய்ச்சியாளர் தாம் புதிதாகக் கண்ட ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசிஸ் ஸ்பிளெண்டென்ஸ் என்று அவர் பெயரைச் சூட்டியிருந்தார். சாக்கடை நீரை வடிகட்டிச் சுத்தம் செய்யும் கற்படுகைகளில் வளரும் பூஞ்சை அது.